முப்பத்தேழாம் எண்ணின் முழு வருகை

காவல் நிலையத்துக்குள் போய்த் திரும்பி வராத வரலாற்றுத் துறை மாணவன் அதற்குப் பிறகு ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்த ஆண்டு முழு வருகைக்கான கேடயம் அவனுக்குத்தான் அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள மேடைக்கு யாரும் ஏறி வராததால் முதல்வர் அதைத் தன் அறைக்கே கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. மற்ற கேடயங்களைத் துடைக்கும்போது அதையும் துடைத்து வைக்கிறார்கள்.

வகுப்பில் அவன் எண் முப்பத்தேழு. ஆள் நெடுநெடுவென்று வளர்ந்து, சதை வைக்க மறந்து போனவன். ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் முன் பெஞ்சில் இடிக்கும். ஒட்டடைக்கம்பு என்று முதல் வாரம் யாரோ வைத்த பட்டப்பெயர் அடுத்த வாரமே ஒட்டடை என்று சுருங்கி, பிறகு அவனே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. சாக்பீஸ் தூள் அவனுக்கு ஆகாது. எதற்கும் பதில் சொல்வதற்கு முன் தொண்டையை ஒரு தடவை செருமுவான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் கிளி. கிளிக்கு வராத குரல் இல்லை. முதல்வர் குரலில் விடுதிக்குப் போன் செய்து சமையற்காரரைப் பாத்திரம் எல்லாவற்றையும் தேய்க்க வைத்திருக்கிறான். வகுப்புக்கு யார் வராவிட்டாலும் அவர்கள் எண் வரும்போது அவர்கள் குரலிலேயே "உள்ளேன் ஐயா" சொல்வது அவன் செய்துவந்த பொதுச்சேவை. வரலாற்று ஆசிரியரும் அதற்குத் தோதாக வாய்த்திருந்தார். வருகை எடுக்கும்போது அவர் தலை நிமிராது; எண்ணைச் சொல்வார், காதில் ஏதாவது விழுந்தால் பேனா நகரும். குனிந்த தலை நிமிராதவர் என்பதால் அவருக்குப் புதுப்பெண் என்று பெயர். புதுப்பெண்ணின் வகுப்பில் கிளி ஒரே நாளில் ஆறு பேராக இருந்ததுண்டு. வருகை குறைந்தால் தேர்வெழுத விட மாட்டார்கள், நண்பனுக்காக ஒரு சொல் சொல்வதால் என்ன குடியா முழுகிப்போகிறது என்று அந்தக் கல்லூரியில் எல்லோரும் நினைத்தார்கள், நல்லவர்கள் உட்பட.

பெரிய இடத்துப் பையன் ஒருவனின் செல்போன் காணாமல் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. கேன்டீனில் டீ போடுகிறவரை விசாரிக்கக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். செல்போன் அந்தப் பையனின் மெத்தைக்கு அடியிலேயே கிடைத்தது; கேன்டீன்காரர் வலது மணிக்கட்டு உடைந்து திரும்பி வந்தார். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார், சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடது கையால் அவர் சிந்திச் சிந்தி டீ ஊற்றுவதைப் பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள், டீயையும் குடித்தார்கள். ஒட்டடையால் அது முடியவில்லை. வேதியியல் படித்துக்கொண்டு சட்டம் பேசியதால் வக்கீலம்மா என்று பெயர் வாங்கியிருந்த மாணவியைச் சேர்த்துக்கொண்டு உரிமைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தான். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். மதியம் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான்: கேன்டீன்காரர் கையை உடைத்தது யார்? ஒரு வாரம் நின்றும் பதில் வராததால், கேட்க வேண்டிய இடத்திலேயே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

"தனியாப் போகாதடா. ரெண்டு நாள் பொறு, எல்லாரும் சேர்ந்து போலாம்," என்றாள் வக்கீலம்மா.

"கேள்வி கேக்கத்தானே போறேன், சண்டைக்கா போறேன்?" என்ற ஒட்டடை, கிளியைத் திரும்பிப் பார்த்தான். "நீ வர்றியாடா?"

கிளிக்குப் பயம்.  ஆனால் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "நானும் வந்துட்டா இங்க யார்றா இருப்பா? நீ போய்ட்டு வா. உன் அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன்," என்றான். ஒட்டடை சிரித்துக்கொண்டே போனான். கை நீளம் எப்போதும் சரியாக இருக்கும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கடைச் சட்டை எதுவும் அவன் மணிக்கட்டுக்கு எட்டாது என்பதால் அவன் அம்மாவே தைத்து அனுப்புவாள்.

அவன் திரும்பி வரவில்லை. மனித உரிமை வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கத் தலைநகருக்குப் போக வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததால், அங்கேதான் போயிருக்கிறான், போனை அணைத்து வைத்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிளி சொன்ன சொல் தவறவில்லை. முப்பத்தேழு என்று புதுப்பெண் குனிந்தபடி சொல்லும்போதெல்லாம், ஒரு செருமல் செருமி, "உள்ளேன் ஐயா" என்றான். அந்தச் செருமலில் அவனுக்குத் தனிப் பெருமை. வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. இரண்டு வாரம் இப்படி ஓடியது.

பிறகு ஒட்டடையின் அம்மா வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவசரத்தில் கிளம்பியதில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மகன் வாரம் தவறாமல் போன் செய்கிறவன், இப்போது பேச்சு மூச்சே இல்லை என்று நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தாள். அங்கே இருந்த அதிகாரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். பையன் வந்தான், ஏதோ கேட்டான், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டோம், மறுநாளிலிருந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறானே, கல்லூரியிலேயே கேட்டுவிடலாம் வாருங்கள் என்று கூடவே வந்தார். முதல்வர் வரலாற்று ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டார். புதுப்பெண் தன் காலைப் பார்த்தபடி, முப்பத்தேழாம் எண் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்று சொன்னார். அவர் அறிந்தவரை அது உண்மை. "படிச்ச வாத்தியார் பொய் சொல்வாராம்மா? உங்க பையன் உங்ககிட்டதான் கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கான்," என்றார் அதிகாரி. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிளி ஒரு அண்டா நிறைய வடித்துக் கொடுத்திருந்தான்.

இதையெல்லாம் கிளி முதல்வர் அறைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.  எந்தக் குரலும் வரும் அவனுக்குத் தன் குரல் வரவில்லை. அம்மா வெளியே வந்து, தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, "நீ அவன் கூடப் படிக்கிற பையனாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவனுடையது, கெட்டது வேறொருவன்.

மறுநாள் வகுப்பில் கிளி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி ஒரு தடவைகூட அந்தக் குரலைப் போடக் கூடாது, வராதவன் வரவில்லை என்றே பதியட்டும் என்பது அவன் கணக்கு. முப்பத்தாறாம் எண் பதில் சொன்னது. முப்பத்தேழு என்றார் புதுப்பெண். பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். "உள்ளேன் ஐயா." பேனா நகர்ந்தது, முப்பத்தெட்டு என்றார். முப்பத்தெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு மொத்தமும் கிளியைத் திரும்பிப் பார்த்தது. அவன் பேயறைந்தவன்போல இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அன்று மாலை வக்கீலம்மாவும் குழுவும் அவனை ஆய்வுக்கூடத்தின் பின்னால் மடக்கினார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். முன்பு அவன் ஒட்டடைக்காகக் கொடுத்த ப்ராக்ஸி வருகைகளை நம்பினார்கள், இன்றைக்குத் தான் வாயைத் திறக்கவில்லை என்றதை நம்பவில்லை. ஒருவன் அறைந்தான். காசு வாங்கிக்கொண்டு காவல்துறைக்காகக் குரல் கொடுக்கிறான் என்றான் இன்னொருவன். மறுநாள் ஈரத் துண்டால் அவன் வாயைக் கட்டிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். புதுப்பெண் நிமிராததால் அதுவும் அவர் கண்ணில் படவில்லை. குரல் வந்தது. அதற்கு மறுநாள் அவனைக் கல்லூரிக்கே வர விடாமல், பேருந்து நிலையத்தில் உட்கார வைத்து இரண்டு பேர் காவல் இருந்தார்கள். அன்றும் குரல் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி; யாருமே இல்லாத இடத்தின் வாயை எதைக் கொண்டு மூடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கிளியை யாரும் அடிக்கவில்லை. அவனோடு யாரும் பேசவும் இல்லை.

முதல்வர் அலுவலகத்தின் படிகளில் போராட்டம் தொடங்கியது அந்த வாரம்தான். முதல் நாள் உரிமைக் குழு மட்டும், பிறகு வரலாற்றுத் துறை, பிறகு எல்லாத் துறையும். அதுவரை டீ குடித்துவிட்டுப் போனவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். ஐயோ பாவம் என்பதைத் தாண்டி ஒரு சொல் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தையற்கார அம்மா தன் கை மெஷினைக் கொண்டுவந்து வாசலருகே போட்டுக்கொண்டு, சீருடைகளைத் தைத்தபடி கூடவே இருந்தாள். "முப்பத்தேழைத் திருப்பிக் கொடு!" என்று வக்கீலம்மா முதல் கோஷத்தை எழுப்பினாள். அது அடங்குவதற்குள் மாடியில் திறந்திருந்த வகுப்பறை ஜன்னலிலிருந்து, செருமலோடு, "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தது.  வாசலில் நின்றிருந்த அதிகாரி, "அதான் இருக்கேன்னு சொல்றானே, அப்புறம் என்ன கோஷம்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்த எண்ணைச் சொல்லாமல், எதையுமே சொல்லாமல், மாணவர்கள் படிகளில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். தையல் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா அன்று மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு தைத்ததில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள்.

மாதங்கள் போயின. மனுக்கள் கிணற்றில் போட்ட கல்லாயின. வகுப்புக்கு யாரும் போகாவிட்டாலும் புதுப்பெண் நேரத்துக்குப் போய்க் காலி அறையில் வருகை எடுத்தார். ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை அமைதி, முப்பத்தேழு மட்டும் உண்டு, மறுபடி அமைதி. அவர் ஒரு நாளும் நிமிரவில்லை. நிமிராமலேயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். குரல் நாளாக ஆகத் தேய்ந்துவந்தது. முதலில் கிளி போட்ட குரல் போலவே இளமையாக இருந்தது, பிறகு தாகம் எடுத்தவன் குரலானது, மழைக்காலத்துக்குப் பிறகு தகரத்துக்கு அடியிலிருந்து பேசுவதுபோல முழக்கத்தோடு வந்தது. வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், "உள்ளேன் ஐயா"வுக்குப் பின்னால் மழை சொட்டும் சத்தம் கேட்டது; அந்த இடத்தில் பெஞ்சு நனைந்திருந்தது. கூட்டுகிறவர் அதைத் துடைத்துவிட்டுப் போனார். ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்ததும் இந்தச் சமயத்தில்தான். சட்டப்படி வேறு யாருக்கும் கொடுக்க வழியில்லை என்று முதல்வர் விளக்கம் சொன்னார். சொல்லும்போது பாதியை மென்று விழுங்கினார்.

விவகாரம் தலைநகரம்வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரணைக்கு அனுப்பினார்கள். விசாரணைக்கு முந்திய நாள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்த கிளியின் தோளில் ஒரு கை விழுந்தது. "நல்ல குரல்டா உனக்கு. பத்திரமா வெச்சுக்கோ," என்றார் அதிகாரி. கேன்டீன்காரர் கையிலிருந்த டம்ளர் ஆடி, டீ அதிகாரியின் ஷூவில் கொட்டியது.  அதிகாரி கேன்டீன்காரரின் இடது கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். ப்ராக்ஸி கொடுத்தவனைக் கல்லூரியை விட்டே நீக்குவோம் என்று முதல்வரும் ஏற்கெனவே காதில் போட்டிருந்தார். கிளியின் அப்பா ஓட்டுநர், அம்மா வீட்டில் இருப்பவள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் கிளி. அன்று முழுக்க அவன் எதையும் சாப்பிடவில்லை.

கருத்தரங்கக் கூடத்தில் விசாரணை. நீதிபதி நடைமுறை தெரிந்தவர். காணாமல் போனவனுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவன் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. கல்லூரியில் எண்ணைச் சொல்வதுதான் வழக்கம் என்று முதல்வர் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தேழு என்றார் நீதிபதி. காலி நாற்காலி செருமியது. "உள்ளேன் ஐயா."  நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேறென்ன செய்வது என்று தெரியாமல், ஆஜர் என்று எழுதத் தொடங்கினார். ஆஜரானவன் காணாமல் போனவன் ஆக முடியாது. அந்த ஒரு சொல்லை எழுதி முடித்தால் வழக்கு அத்தோடு முடிந்தது. அதிகாரி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"எழுதாதீங்க ஐயா," என்று கடைசி வரிசையிலிருந்து கிளி எழுந்தான்.  "அந்தக் குரல் முதல்ல நான் போட்டதுய்யா. அவன் வரல. ஒரு நாள்கூட வரல. கூட வாடான்னான், பயந்துக்கிட்டு நான் போகல. அட்டெண்டன்ஸ் போகக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவன் ஸ்டேஷனுக்குப் போன அன்னிலேர்ந்து அவனை யாரும் பார்க்கலய்யா."

தையற்கார அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், கூடப் படிக்கிறவன் இல்லை என்று தலையாட்டிய பையன் என்று தெரிந்துகொண்டாள். அந்தப் பார்வையைக் கிளி சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"நீதான் போட்டன்னா, இப்பப் போட்டுக் காட்டு," என்றார் நீதிபதி.

கிளி செருமினான். "உள்ளேன் ஐயா" என்றான். அதே நொடியில் நாற்காலியும் சொன்னது. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே குரலாயின; பிறகு நாற்காலி பக்கத்திலிருந்து மூச்சுக்கூட இல்லை. கிளி தொண்டையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே யாரோ ஏறி உட்கார இடம் தேடுவதுபோல இருந்தது அவனுக்கு. அப்போது அந்த அம்மா எழுந்து, மேசை, நீதிபதி எதையும் பார்க்காமல் கிளியின் முன்னால் போய் நின்றாள். இத்தனை மாதத்தில் அந்தக் குரலை எண் சொல்லி அழைத்தார்கள், பதிந்தார்கள், பரிசு கொடுத்தார்கள், அதை வைத்து மறுத்தார்கள், அதற்காகப் படிகளில் உட்கார்ந்தார்கள். அதனிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"தம்பி," என்றாள். "எங்கடா இருக்கே?"

கிளியின் வாய் திறந்தது. "ஸ்டேஷனுக்குப் பின்னாடிம்மா. பிடிச்சுப் போட்ட வண்டியெல்லாம் நிக்குதுல்ல, அங்க. டயர் இல்லாத நீல வேன் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ. மழை பெஞ்சா தகரத்துல சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. தூங்கவே முடியல."

"மிமிக்ரி ஐயா!" என்று அதிகாரி துள்ளி எழுந்தார். "இவன் பொழப்பே இதுதான், ஊருக்கே தெரியும்!"

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. நீதிபதியிடம் சொன்னாள்: "மிமிக்ரின்னா கேட்டதைத் திருப்பிச் சொல்றது, அவ்வளவுதானேய்யா? இதை என் பையன் யார்கிட்ட, எப்பச் சொன்னான், இவன் கேட்டு வெச்சிக்கறதுக்கு?"

நீதிபதி பேனாவை மூடினார். அவர் உத்தரவு சொல்வதற்குள் கூடத்தில் பாதி காலியாகிவிட்டது. மாணவர்கள் ஓடவில்லை, கோஷம் போடவில்லை. கல்லூரி வாசலைத் தாண்டி, கடைத்தெரு வழியாக, சாலையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். நீதிபதியின் கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவர் இறங்கிச் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றதால் காவலர்களால் யாரையும் தடுக்க முடியவில்லை. முட்செடி மண்டிய அந்த இடத்தில் துருப்பிடித்த வண்டிகள் வரிசையாகக் கிடந்தன. நீல வேனை நகர்த்த இயந்திரம் வரவழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்; அதற்குள் கை வைத்துவிட்டார்கள். கேன்டீன்காரரும் இடது கையைக் கொடுத்தார். வேன் நகர்ந்த இடத்தில் மண் குழிந்து கிடந்தது. அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. எலும்பை யாருடையது என்று வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சட்டையை அப்படிச் சொல்ல முடியாது. அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்து மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்துப் பார்த்தாள். வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை நீளம், உள்ளே இரட்டைத் தையல். "என் கை," என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நிலையத்துக்குள் போன அன்றைக்கே அவன் உயிர் போய்விட்டது என்று அறிக்கை சொன்னது. கிளி முதல் முறை "உள்ளேன் ஐயா" சொன்னபோது ஒட்டடை உயிரோடு இல்லை. தன்னால் அவன் சாகவில்லை என்று இதைக் கொண்டு ஆறுதல் அடையலாம் என்றாள் வக்கீலம்மா. கிளிக்கு அந்த ஆறுதல் பிடிபடவில்லை. அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் குறைந்தது, நன்னடத்தையில் இன்னும் குறைந்தது. இப்போது அவர் மொட்டைமாடியில் தொட்டிச் செடி வளர்க்கிறார். பேரன் எண் சொல்லிப் பழகும்போது முப்பத்தாறோடு நிறுத்தச் சொல்வார். ஒரு தடவை பையன் கேட்காமல் அடுத்ததையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே யாரும் தூங்குவதில்லை.

கல்லூரி கிளியை நீக்கியது, மாணவர்கள் மறுபடி படிகளில் உட்கார்ந்ததும் சேர்த்துக்கொண்டது. அவன் குரல் மட்டும் திரும்பவில்லை. விசாரணை நாளன்று தொண்டைக்குள் ஏறியவன் இறங்கவே இல்லை. எதைப் பேசினாலும் ஒரு செருமல், பிறகு ஒட்டடையின் குரல். வேறு எந்தக் குரலையும் அவனால் போட முடியவில்லை. நடந்ததைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தபோது அவனைப் பெற்றவள், "ராங் நம்பர்ப்பா," என்று வைத்துவிட்டாள். மூன்றாவது முறை, சின்ன வயதில் கிணற்றில் விழுந்து தப்பிய கதையைச் சொல்லித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது. நம்பியதும் அவள், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். பழகிக்கொண்டாள். வக்கீலம்மா பிறகு நிஜமாகவே சட்டம் படித்து அலுவலகம் வைத்தாள். கிளி அங்கேதான் வேலை செய்கிறான். மகனைக் காணோம் என்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பான். அவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான்.

குரல் கிளியிடம் வந்துவிட்டதால் மூன்றாவது பெஞ்சு அடங்கிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அடங்கவில்லை. எலும்பை எரித்த மறுநாள் வகுப்பு தொடங்கியபோதும் முப்பத்தேழுக்குப் பதில் வந்தது. தகரச் சத்தம் மட்டும் போயிருந்தது. அன்று புதுப்பெண் முதல் முறையாக நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று ஓய்வு பெறும்வரை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எந்த எண்ணுக்கும் முகம் பார்க்காமல் பேனாவை நகர்த்தியதில்லை. இப்போது அங்கே புதிதாகச் சேர்கிற யாருக்கும் முப்பத்தேழு கொடுப்பதில்லை. முதல் நாள் பதில் கேட்டு மிரளும் பிள்ளைகளிடம் மூத்தவர்கள் விஷயத்தைச் சொல்வார்கள். இரண்டாவது வாரத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தையற்கார அம்மா ஒரு வருடம் கிளியின் முகத்தில் விழிக்கவில்லை. அவன் மாதந்தோறும் போய் அவள் கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவான். ஒரு நாள் அவளே உள்ளே கூப்பிட்டாள். கத்தரியைக் கீழே வைக்காமல், "மன்னிச்சேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். அது என் வாயில வராது. கையை நீட்டு, அளவு எடுக்கணும்," என்றாள். நாடாவைத் தோளில் வைத்து மணிக்கட்டுவரை அளந்தாள். அளந்ததை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. கிளி குள்ளம். அடுத்த மாதம் அவள் கொடுத்த சட்டையில் கைகள் விரலையும் தாண்டித் தொங்கின. இன்றுவரை ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் தைக்கிறாள், ஒவ்வொரு வருடமும் அவன் செருமிவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறான்.

"கை நீளமா இருக்கும்மா."

"உனக்கு அதான்டா அளவு," என்பாள், மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு. "இன்னும் ஏதாவது பேசு."

அவன் கையை மடித்து விட்டுக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருப்பான்.